கியர் போட்டால் கர்ர்ர் என்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. கியர் மாற்றும்போது கீழேயிருந்து வரும் கரகர சத்தம். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தச் சத்தம் எந்த கியரில், எந்த நேரத்தில், வண்டி நிற்கும்போதா ஓடும்போதா என்பதைப் பொறுத்துக் காரணம் முற்றிலும் மாறிவிடும். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், வண்டி நிற்கும்போது ஃபர்ஸ்ட் கியரோ ரிவர்ஸோ போட்டால் கரகரவென்று சத்தம் வருகிறது. சில நேரம் கியரே விழ மாட்டேன் என்கிறது. இன்ஜினை ஆஃப் செய்துவிட்டுப் போட்டால் எல்லா கியரும் ஒழுங்காக விழுகின்றன. மெக்கானிக், கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துப் பார்க்கணும் என்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். இன்ஜின் ஓடாதபோது எல்லா கியரும் சத்தமின்றி விழுகிறது, ஓடும்போது மட்டும் தகராறு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்ச்சை. கியர்பாக்ஸ் அப்புறம்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் கீழே வரும் எல்லா பதில்களும் சுலபமாகப் புரியும். இன்றைய கார்களில் முன்னோக்கிப் போகும் கியர்கள் எல்லாமே கியர்பாக்ஸுக்குள் எப்போதும் ஜோடி ஜோடியாகக் கோத்தபடியேதான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் லீவரைத் தள்ளும்போது நகர்வது ஸ்லீவ் என்ற ஒரு வளையம். அது நகர்ந்து போய், உங்களுக்கு வேண்டிய கியரின் பக்கவாட்டில் இருக்கும் சின்னச் சின்னப் பற்களின் மேல் உட்கார வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் சத்தமே இல்லாமல் உட்கார்ந்துவிடும், வேகம் வேறுபட்டால் பல்லும் பல்லும் உரசும், நீங்கள் கேட்கும் கர்ர்ர் அதுதான். இரண்டின் வேகத்தையும் சமப்படுத்த நடுவில் சிங்க்ரோ ரிங் என்று ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் பித்தளையில் செய்தது. ஆனால் அதன் சக்தி கொஞ்சம்தான். கிளட்ச் முழுதாக விட்டு, இன்ஜினின் பிடி அறவே இல்லாமல் போனால்தான் அதனால் அந்த வேலையைச் செய்ய முடியும். கிளட்ச் அரைகுறையாக விட்டால் இன்ஜின் ஒரு பக்கம் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும், பாவம் அந்த வளையம் என்ன செய்யும்?

வீட்டிலேயே இதைப் பரிசோதிக்கலாம். சமதளத்தில், முன்னும் பின்னும் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். நியூட்ரலில் இருக்கட்டும். கிளட்ச்சைத் தரை வரை மிதித்து மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அதற்குள் கியர்பாக்ஸுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட் தானாக நின்றுவிட வேண்டும். பிறகு மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் சரியாக விடுகிறது. பத்து எண்ணிய பிறகும் கரகரத்தால் ஷாஃப்ட் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதாவது கிளட்ச் விடவில்லை.

அடுத்து, கிளட்ச் பெடலை நான்கைந்து முறை வேகமாக மிதித்து விட்டு, கடைசியாக மிதித்தபடியே கியர் போட்டுப் பாருங்கள். இப்படிச் செய்தால் கியர் நன்றாக விழுகிறது என்றால் ஹைட்ராலிக் லைனில், அதாவது பெடலின் அழுத்தத்தை ஆயில் மூலம் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் குழாயில், காற்று புகுந்திருக்கிறது அல்லது ஆயில் கசிகிறது. இன்னொரு அடையாளமும் உண்டு. சிக்னலில் கிளட்ச்சை மிதித்து ஃபர்ஸ்ட் கியரில் காத்திருக்கும்போது, காலை அசைக்காமலேயே வண்டி மெல்ல முன்னால் நகரப் பார்க்கிறதா? அப்படியென்றால், பெடல் பக்கத்தில் அந்த ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து அழுத்தம் உள்ளுக்குள்ளேயே பின்வாங்கிக்கொண்டிருக்கலாம். இதில் வெளியே ஒரு சொட்டு கூடக் கசியாது, அதனால்தான் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

கசிவைத் தேட இடங்கள் உண்டு. டேஷ்போர்டுக்கு அடியில் கிளட்ச் பெடலின் கம்பி உள்ளே போகும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள், ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர். அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்ச்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கும் வண்டியானால் அதன் ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள். நடுவில் ரப்பர் ஹோஸ் இருந்தால் ஒருவர் பெடலை மிதிக்க இன்னொருவர் அதைப் பார்க்க வேண்டும், பழைய ஹோஸ் மிதிக்கும்போது உப்பும், அழுத்தம் எல்லாம் அந்த உப்பலிலேயே போய்விடும். சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்பக்கம், கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்தே இருக்கும். அதில் கசிவு என்றால் மட்டும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், ஆனால் அப்போதும் இறக்குவதுதான் வேலை, பிரிப்பது அல்ல.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பல கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில் டப்பாதான். கிளட்ச்சுக்குப் போகும் குழாய் டப்பாவில் சற்று மேலே இருக்கும்படி செய்திருப்பார்கள், கசிவு வந்தால் முதலில் கிளட்ச் போகட்டும், பிரேக்குக்குக் கொஞ்சமாவது மிஞ்சட்டும் என்பதற்காக. ஆகவே டப்பாவில் அளவு குறைந்து கிளட்ச் தகராறு செய்தால் அதை வெறும் கியர் பிரச்சினையாக நினைத்து ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். எங்கே கசிகிறது என்று அன்றே பாருங்கள். ஊற்றும் ஆயில், மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 ஆகத்தான் இருக்க வேண்டும். வேறு ஏதாவது எண்ணெய் ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் ஊதிப்போய் பிரேக்கும் சேர்ந்து கெடும்.

ஆயிலுக்குப் பதில் கம்பியால் இழுக்கும் கேபிள் கிளட்ச் என்றால் வேலை இன்னும் சுலபம். கேபிள் நீண்டிருக்கும், இழைகள் அறுந்திருக்கும், அல்லது அட்ஜஸ்ட்மெண்ட் தளர்ந்திருக்கும். பெடலைக் கையால் அழுத்தும்போது கனம் தெரியும் வரை வெறுமனே நகரும் தூரம் பல கார்களில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அதைவிட அதிகமாக இருந்தால் நட்டைத் திருகிச் சரிசெய்வதிலேயே முடிந்துவிடலாம். இதையெல்லாம் பார்ப்பதற்கு முன் பெடலுக்கு அடியில் கிடக்கும் தடித்த மேட்டை எடுத்து வெளியே போட்டுவிட்டு ஒரு தடவை கியர் போட்டுப் பாருங்கள். மேட் ஒரு விரல்கடை தடுத்தாலே கிளட்ச் முழுதாக விடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் கிளட்ச் விடவில்லை என்றால் கிளட்ச் பிளேட் நெளிந்திருக்கலாம், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள் தேய்ந்திருக்கலாம். நாள்கணக்கில் ஈரத்தில் ஓட்டாமல் நின்ற வண்டி என்றால் பிளேட் துருப்பிடித்து, இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு ஒட்டியிருக்கலாம். மெக்கானிக்கிடம் போய் "கிளட்ச் முழுசா விடுதான்னு பார்த்தீங்களா, எப்படிப் பார்த்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள். நல்ல மெக்கானிக் என்றால் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

கேள்வி: என் காரில் செகண்ட் கியர் மட்டும்தான் பிரச்சினை. காலையில் எடுத்தவுடன் ஃபர்ஸ்டிலிருந்து செகண்டுக்கு மாற்றினால் கர்ர் என்கிறது. வண்டி சூடான பிறகு பெரும்பாலும் சத்தம் இல்லை, ஆனால் வேகமாக மாற்றினால் வரும். தேர்டிலிருந்து செகண்டுக்கு இறக்கும்போதும் வரும். மற்ற கியர்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஒரு வருஷம் ஓட்டலாமா, இல்லை உடனே பார்க்க வேண்டுமா?

பதில்: ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்த கியரின் சிங்க்ரோ ரிங் தேய ஆரம்பித்திருக்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலும் செகண்ட் கியர் தேய்வதில் ஆச்சரியமே இல்லை. ஃபர்ஸ்டுக்கும் செகண்டுக்கும் இடையில் வேக வித்தியாசம் அதிகம், ஊருக்குள் ஓட்டும்போது அதிகமாகப் போடுவதும் அதைத்தான்.

உறுதி செய்துகொள்ள ஒரு பழைய வழி இருக்கிறது. டபுள் கிளட்ச். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள், கிளட்ச்சை விடுங்கள், மறுபடி மிதித்து செகண்ட் போடுங்கள். கியர் இறக்குவதாக இருந்தால், நியூட்ரலில் கிளட்ச்சை விட்ட அந்த நொடியில் ஆக்சிலேட்டரை லேசாக ஒரு தட்டு தட்டுங்கள், இன்ஜின் வேகம் கொஞ்சம் ஏறும், பிறகு கிளட்ச்சை மிதித்துக் கியர் போடுங்கள். சிங்க்ரோ ரிங் செய்ய வேண்டிய வேலையை இங்கே நீங்கள் காலால் செய்கிறீர்கள். இப்படிச் செய்யும்போது சத்தமே வரவில்லை என்றால் குற்றவாளி சிங்க்ரோ ரிங்தான், சந்தேகம் வேண்டாம். 1928-இல் காடிலாக் நிறுவனம் சிங்க்ரோ வைத்த கியர்பாக்ஸைக் கொண்டுவரும் வரை கார் ஓட்டியவர்களில் பலர் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். காலுக்குப் பழகிவிட்டால் கஷ்டமாக இருக்காது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். காலையில் மட்டும் அதிகம், சூடானால் குறைவு என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஒரு நல்ல செய்தி. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், அந்தக் கெட்டிப்பைக் கிழித்துக்கொண்டுதான் சிங்க்ரோ ரிங் கியரின் கூம்பைப் பிடிக்க வேண்டும். ஆயில் பழையதாகவோ, தவறான கனத்திலோ, அளவு குறைவாகவோ இருந்தால் லேசாகத் தேய்ந்த ரிங்கூடக் கத்தும். ஆகவே முதல் செலவு ஆயில் மாற்றுவதாக இருக்கட்டும். இன்ஜின் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட கியர் ஆயில் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். வண்டி வாங்கியதிலிருந்து ஒரு முறைகூட மாற்றாத கார்கள் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன, எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் பல சிறிய கார்களில் சுமார் 2 லிட்டர் ஆயில்தான் பிடிக்கும், அந்த 2 லிட்டரை மாற்றாமல் முழு கியர்பாக்ஸையே பலி கொடுக்கிறோம்.

எந்த ஆயில் என்பது மிக முக்கியம். கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுவேதான். டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று எழுதியிருக்கும். 5 பெரிய எண், அதனால் அதுதான் உயர்ந்தது என்று நினைத்து ஊற்றிவிடுகிறார்கள். ஜிஎல்-5 முக்கியமாக, சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் கடுமையான அழுத்தத்துக்காக உருவானது. அதில் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த சேர்மானம் அதிகம். சில வகை ஜிஎல்-5 ஆயில்கள் பித்தளையை அரிக்கும், அதோடு சிங்க்ரோ ரிங் பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில் வழுக்கலை உண்டாக்கும். சில கார்களுக்கு மெல்லிய தனி கியர்பாக்ஸ் ஆயில், சிலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்கூடப் பரிந்துரைத்திருப்பார்கள். அதில் போய் கனமான 75டபிள்யூ-90 ஊற்றினால் நீங்கள் எழுதியிருக்கும் அதே காலை நேரச் சத்தம்தான் வரும்.

பழைய ஆயிலை வடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வடிக்கும் நட்டைக் கழற்றுவதற்கு முன் ஊற்றும் நட்டு கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எல்லா ஆயிலையும் வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டியிருக்கும். நட்டில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பான தேய்மானம். ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் தங்கப் பொடி தூவியது போல மின்னுகிறதா? அது பித்தளை, சிங்க்ரோ ரிங் கரைகிறது. காந்தத்தில் விரலில் குத்தும் அளவுக்கு இரும்புச் சில்லுகள் இருந்தால் பல் உடைந்திருக்கிறது, அந்த வண்டியை இனி ஓட்டாமல் இருப்பதே நல்லது.

சில்லு இல்லை என்றால், புது ஆயிலோடு, செகண்ட் கியரை நிதானமாகப் போட்டு, தேவையான இடத்தில் டபுள் கிளட்ச் செய்து ஒரு வருஷம் ஓட்டலாம். அதற்கு மேலும் ஓடலாம். ஆனால் கர்ர் சத்தத்துக்கு மேலேயே லீவரை அழுத்தித் திணிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சத்தம் வந்தால் உடனே நியூட்ரல், ஒரு நொடி, மறுபடி போடுங்கள். திணிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சின்னப் பற்களின் முனை மழுங்குகிறது. ரிங் தேய்ந்தால் ரிங்கை மட்டும் மாற்றலாம், பல் மழுங்கினால் கியரையே மாற்ற வேண்டும்.

கேள்வி: கியர் ஆயிலோடு கலந்து ஊற்ற ஒரு டியூப் விற்கிறார்கள், ஊற்றினால் சத்தம் நின்றுவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை உராய்வைக் குறைக்கும் சரக்கு. சிங்க்ரோ ரிங் வேலை செய்வதே உராய்வினால்தான். இன்ஜினுக்கு நல்லதாக இருப்பது இங்கே கெடுதல்.

கேள்வி: போன மாதம் கிளட்ச் செட் புதிதாக மாற்றினேன். மாற்றுவதற்கு முன் கிளட்ச் ஸ்லிப் ஆனது, அவ்வளவுதான், கியரில் ஒரு சத்தமும் இல்லை. மாற்றி எடுத்து வந்த நாளிலிருந்து ரிவர்ஸ் கரகரக்கிறது, ஃபர்ஸ்ட் இறுக்கமாக இருக்கிறது. கேட்டால், புது கிளட்ச் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். புது கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு படிந்து பிடிப்பு சீராவதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஆகும் என்பது உண்மைதான். கிளட்ச்சை விட்டு வண்டியை எடுக்கும்போது லேசான அதிர்வு, பிடிக்கும் இடம் மாறியிருப்பது, இதெல்லாம் படியும்போது சரியாகும். ஆனால் மிதித்தால் விட வேண்டும் என்பதற்குப் பழக்கம் எதுவும் தேவையில்லை. முதல் நாளே முழுதாக விட வேண்டும்.

முன்பு இல்லாத சத்தம் வேலைக்குப் பிறகு வந்தால், வேலையில்தான் காரணம் இருக்கிறது. வரிசையாகக் கேளுங்கள். ஹைட்ராலிக் லைனைக் கழற்றினார்களா, மறுபடி மாட்டியபின் ஏர் எடுத்தார்களா? முக்கால்வாசி நேரம் இதோடு முடிந்துவிடும். கேபிள் என்றால் புது பிளேட்டுக்கு ஏற்ப அட்ஜஸ்ட் செய்தார்களா? பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீல் பக்கம் என்று எழுதியிருக்கும், திருப்பி மாட்டியிருந்தால் ஸ்பிரிங் இருக்கும் நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட்டில் தட்டும், கிளட்ச் ஒரு நாளும் சரியாக விடாது. வாங்கிய செட்டின் எண் உங்கள் வண்டியின் இன்ஜினுக்கானதுதானா என்பதையும் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரே மாடல் காரில் வெவ்வேறு அளவு பிளேட் வருவது உண்டு.

கேட்கச் சங்கடமான கேள்வி ஒன்று இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுங்கள். கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்றும்போது ஷாஃப்ட் பிளேட்டுக்குள் நுழைந்த நிலையில் கியர்பாக்ஸின் மொத்த எடையும் சிறிது நேரம் அதில் தொங்கியதா? தொங்கினால் பிளேட்டின் நடுப்பகுதி நெளிந்துவிடும். புது பிளேட்டாக இருந்தாலும் நெளிந்த பிளேட் ஃப்ளைவீலை ஒரு ஓரத்தில் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் உள்ள வண்டியானால் அதையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். அது இறுகிப்போனால் கிளட்ச் நன்றாக விட்டாலும் ஷாஃப்ட் இன்ஜினோடு சேர்ந்து சுற்றும்.

முதல் கேள்விக்குச் சொன்ன பத்து எண்ணும் பரிசோதனையை அவர்கள் முன்னாலேயே செய்து காட்டுங்கள். சண்டை போடத் தேவையில்லை, சத்தம் எல்லார் காதிலும் விழும். தள்ளிப்போட மட்டும் செய்யாதீர்கள், கிளட்ச் விடாமல் ஓட்டினால் அந்தப் பாரம் முழுக்க நல்ல நிலையில் இருக்கும் சிங்க்ரோ ரிங்குகள் மேல்தான் விழும்.

கேள்வி: புது கார். எல்லா கியரும் அருமை. ரிவர்ஸ் மட்டும் எப்போதாவது கர்ர் என்கிறது. உத்தரவாதத்தில் மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: முதலில் நீங்கள் போடும் விதத்தைப் பாருங்கள். நிறையக் கார்களில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. வண்டி முழுதாக நிற்பதற்கு முன், அல்லது கிளட்ச்சை மிதித்த அதே நொடியில் போட்டால் சத்தம் வரத்தான் செய்யும். வண்டி நிற்கட்டும், கிளட்ச்சை மிதித்து மூன்று எண்ணிவிட்டுப் போடுங்கள். அவசரமென்றால் மிதித்தபடியே முதலில் ஃபர்ஸ்ட் போட்டு எடுத்து உடனே ரிவர்ஸ் போடுங்கள், ஃபர்ஸ்ட் கியரின் சிங்க்ரோ ஷாஃப்ட்டை நிறுத்திக் கொடுத்துவிடும். இதற்குப் பிறகும் சத்தம் வந்தால் தாராளமாகப் புகார் கொடுங்கள்.

கேள்வி: எனக்குச் சத்தம் கியர் மாற்றும்போது வரவில்லை. நியூட்ரலில் நிற்கும்போது ஒரு உறுமல் வருகிறது, கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. என் மைத்துனர் காரில் நேர்மாறாக, மிதித்தால்தான் கீச்சென்று வருகிறது. இரண்டும் ஒரே கோளாறா?

பதில்: இரண்டும் வேறு வேறு. நியூட்ரலில் கிளட்ச்சை மிதிக்காமல் இருக்கும்போது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிறது, மிதித்தால் நின்றுவிடும். அதோடு சேர்ந்து சத்தமும் நிற்கிறது என்றால் அந்த ஷாஃப்ட்டின் பேரிங்கைத்தான் பார்க்க வேண்டும். முதலில் கியர் ஆயில் அளவைப் பாருங்கள், ஆயில் இல்லாமல் ஓடியதால் பேரிங் போவது சகஜம். உங்கள் மைத்துனர் வண்டியில் ரிலீஸ் பேரிங். மிதிக்கும்போதுதான் அதன் மேல் பாரம் ஏறும். அது சின்ன உருப்படி, ஆனால் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அதனால் கிளட்ச் பிளேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் செட்டாகவே மாற்றிவிடச் சொல்லுங்கள். கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் அவருக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள், இருந்தால் புது பேரிங்கும் சீக்கிரம் போகும்.

உங்கள் உறுமலை நீண்ட நாள் விடாதீர்கள். பேரிங் ஆட்டம் காட்ட ஆரம்பித்தால் ஷாஃப்ட் நேராக நிற்காது, பிறகு நல்ல கியரும் சேர்ந்து கெடும்.

கேள்வி: தேர்ட் கியர் போடும்போது கரகரப்பு. போட்ட பிறகும் ஆக்சிலேட்டரை விட்டால் தானாக நியூட்ரலுக்குத் துள்ளி வந்துவிடுகிறது. கையால் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறேன். பழைய கார்தான், செலவு செய்யலாமா என்று யோசனையாக இருக்கிறது.

பதில்: தயவுசெய்து கையால் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். லீவரின் மறுமுனையில் ஒரு ஃபோர்க் இருக்கிறது, அது சுற்றும் ஸ்லீவைத் தொட்டுத் தள்ளிவிட்டு விலகி நிற்க வேண்டியது. நீங்கள் பிடித்திருக்கும் நேரம் முழுக்க அது ஸ்லீவில் உரசித் தேய்கிறது. கியர் இன்னும் சீக்கிரம் துள்ளும். கியர் துள்ளாத வண்டியிலும் சும்மா லீவர் மேல் கையைத் தொங்கவிட்டு ஓட்டுபவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

மேற்பூச்சான காரணங்கள் இரண்டு இருக்கின்றன, அவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் போயிருந்தால், ஆக்சிலேட்டர் கொடுத்து விடும்போது இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து ஆடும், அந்த ஆட்டம் லீவரை இழுத்து கியரைக் கழற்றிவிடும். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரை லீவரைக் கவனிக்கச் சொல்லுங்கள், கால் விடும்போதெல்லாம் அது முன்னும் பின்னும் நன்றாக ஆடினால் மவுண்ட்டைப் பாருங்கள். அடுத்து, லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள் அல்லது கம்பியின் முனையிலுள்ள புஷ். அது தேய்ந்தால் நீங்கள் லீவரை முழுதாகத் தள்ளினாலும் உள்ளே ஸ்லீவ் பாதி தூரம்தான் போயிருக்கும். பாதியில் உட்கார்ந்த கியர் கரகரக்கவும் செய்யும், துள்ளவும் செய்யும். நியூட்ரலில் லீவர் வழக்கத்தைவிட அதிகமாக அலைகிறதா என்று பாருங்கள். ஒரு சின்ன ரப்பர் புஷ் மாற்றி முழுப் பிரச்சினையும் தீர்ந்த வண்டிகள் உண்டு.

இரண்டும் சரி என்றால் உள்ளேதான் கோளாறு. கியரின் பக்கவாட்டுப் பற்களும் ஸ்லீவின் பற்களும், பாரம் ஏறும்போது ஒன்றையொன்று இன்னும் உள்ளே இழுத்துக்கொள்ளும்படி லேசாகச் சரித்து வெட்டப்பட்டவை. வருஷக்கணக்கில் கரகரத்துக் கரகரத்து அந்தச் சரிவு தேய்ந்துவிட்டால் பிடி நிற்காது. கியர்பாக்ஸைப் பிரிக்கும்போது வெறும் சிங்க்ரோ ரிங்கை மட்டும் மாற்றிவிட்டு மூடினால் கொஞ்ச நாளில் அதே சத்தம் திரும்ப வரும். ரிங், ஸ்லீவ், அந்தக் கியர், ஃபோர்க் நான்கையும் எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். பிரித்ததே பிரித்தாகிவிட்டது, பேரிங்குகளையும் ஆயில் சீல்களையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போனால், நல்ல நிலையில் உள்ள பழைய கியர்பாக்ஸ் ஒன்றை முழுதாக மாற்றுவது உங்கள் வண்டிக்கு லாபமாக இருக்கலாம். இரண்டுக்கும் எழுத்தில் மதிப்பீடு வாங்கி ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். அதுவரை தேர்ட் கியரைத் தவிர்த்து ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள், இறக்கத்தில் அதை நம்பி இறங்காதீர்கள். கியர் கழன்றால் இன்ஜின் பிரேக்கிங், அதாவது இன்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்துக் குறைப்பது, போய்விடும்.

கேள்வி: ஏஎம்டி வண்டிக்குக் கிளட்ச் பெடலே இல்லையே, அதில் ஏன் கரகர சத்தம் வருகிறது?

பதில்: பெடல்தான் இல்லை, கிளட்ச் இருக்கிறது. ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான், கால் செய்யும் வேலையையும் கை செய்யும் வேலையையும் ஆக்சுவேட்டர்கள் செய்கின்றன. ஆகவே மேலே சொன்ன எல்லா காரணங்களும் அதற்கும் பொருந்தும். கூடுதலாக ஒன்று உண்டு. பிளேட் தேயத் தேயக் கிளட்ச் பிடிக்கும் இடம் மாறும், அதைக் கம்ப்யூட்டர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஸ்கேனர் போட்டு கிளட்ச் கேலிபரேஷன் செய்தாலே பல வண்டிகள் அமைதியாகிவிடும், முதலில் அதைக் கேளுங்கள்.

ஆயில் மூலம் இன்ஜின் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் வேறு ஜாதி. அதில் இப்படிப் பல் உரசும் வேலையே கிடையாது. அதில் கரகரவென்று இரும்புச் சத்தம் வந்தால் ஆயில் குறைவு, அல்லது இன்ஜினையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தகடு விரிசல் விட்டது, அதன் போல்ட் தளர்ந்தது என்று போகும். வண்டி நகரும்போதே பார்க்கிங்கில் தள்ளினால் கடகடவென்று தட்டும், அது பூட்டும் கொக்கி பல்லில் மாட்ட முடியாமல் துள்ளுவது. கொக்கி உடையும், செய்யவே கூடாது.

கேள்வி: என் மகள் இப்போதுதான் ஓட்டப் பழகுகிறாள். தினமும் நாலு தடவையாவது கர்ர் என்று வந்துவிடுகிறது, எனக்கு நெஞ்சு பதறுகிறது. அவளும் பயந்துபோய் ஓட்டவே வர மாட்டேன் என்கிறாள். கியர்பாக்ஸ் போய்விடுமா?

பதில்: போகாது அம்மா. அந்தப் பற்கள் கடினப்படுத்திய இரும்பு, பழகும் காலத்துச் சத்தத்தைத் தாங்கும். அவளைத் திட்டாதீர்கள், பயந்தால் கை இன்னும் அவசரப்படும், அவசரப்பட்டால் கால் பாதியில் நிற்கும்.

சீட்டைப் பாருங்கள். கிளட்ச்சைத் தரை வரை மிதித்த நிலையிலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட் பின்னால் இருந்தால் கடைசி ஒரு அங்குலம் கால் எட்டாது, அந்த ஒரு அங்குலத்தில்தான் கிளட்ச் விடும். பழகுபவர்களுக்கு வரும் சத்தத்தில் பெரும் பங்கு இதிலிருந்து வருவதுதான். தடித்த அடிப்பாகம் உள்ள செருப்பும் வேண்டாம்.

அப்புறம், சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஆஃப் செய்த வண்டியில் அவளை உட்காரவைத்து, கிளட்ச்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டு எடுத்துப் பழகச் சொல்லுங்கள். லீவரைப் பார்க்காமல் போட வரும்வரை செய்யட்டும். நின்ற வண்டியில் சில நேரம் கியர் விழாமல் தடுக்கும், பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றிருக்கும், இன்ஜின் ஓடும்போது இப்படி ஆனால் நியூட்ரலுக்கு வந்து கிளட்ச்சை ஒரு தடவை விட்டு மிதித்தால் விழுந்துவிடும், கோளாறு ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சாலையில் சத்தம் வந்தால் செய்ய வேண்டியதையும் அவளுக்கு இப்போதே சொல்லிக்கொடுங்கள்: லீவரைத் தள்ளுவதை நிறுத்து, நியூட்ரலுக்கு வா, கிளட்ச்சை முழுசா மிதி, மறுபடி போடு. பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.